ஐந்து அங்குலம்

விடுதியிலிருந்து வந்த பட்டியலில் பதினேழாவது வரி:
ஒற்றைக் கட்டில் விரிப்பு, கூடுதல் நீளம்.
'கூடுதல்' என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு.
எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம்
அளவு தப்பி வாங்கிப் போயிருப்பார்கள் போல.

அம்மாவுக்கு நெடுஞ்சாலை மோட்டலில் சலவை அறை வேலை.
பதினான்கு வருடம்.
விரிப்பைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர
மினசோட்டாவில் ஆள் கிடையாது.
கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தொட்டால் போதும்,
எந்த அறை, எந்தக் கட்டில், எத்தனை துவைப்பு
என்று சொல்லிவிடுவாள்.
அவளே பட்டியலை விளக்கடியில் பிடித்து
இரண்டு முறை படித்தாள்.
"எண்பது அங்குலமா?
நீ ஐந்தடி இரண்டு, அய்லி.
மிச்சத்தில் யார் படுக்கப்போகிறார்கள்?"

கடையில் ஒன்று முப்பத்தெட்டு டாலர்.
எடுத்துப் பார்த்தேன்,
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
சுரங்கம் மூடியது மார்ச்சில்.
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும்
விலைச்சீட்டைச் சத்தமாகப் படிப்பதில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
பெற்றோரில் எவரேனும் பட்டம் பெற்றவரா?
இல்லை என்ற கட்டத்தில் நான் குறி போடும்போது
அப்பா எட்டிப் பார்த்தார்.
"இது நல்லதா, கெட்டதா?"
"நல்லதுதான். உதவித்தொகை கூடும்."
"அப்படியானால் சரி.
இவ்வளவு நாள் படிக்காமல் இருந்ததற்கு
இப்போதாவது சம்பளம் வருகிறதே."

அறைத்தோழி பா ஞியா.
செயின்ட் பால் நகரத்து மோங் பெண்.
இன்னும் பார்க்கவில்லை,
கைபேசியில்தான் பழக்கம்.
ஃப்ரிட்ஜ் நான் கொண்டுவருகிறேன், என்று எழுதினாள்.
சோறு பொங்கும் குக்கருக்கு அனுமதி இல்லையாம்,
அதையும் கொண்டுவருகிறேன்,
நீ அதைப் பார்க்கவில்லை, சரியா?
நீ என்ன கொண்டு வருவாய்?

மைக்ரோவேவ் என்று அடித்தேன். அழித்தேன்.
கெட்டில். அதையும் அழித்தேன்.
மூன்று புள்ளிகள் அவளுக்குத் தெரிந்திருக்கும்,
தோன்றித் தோன்றி மறைந்திருக்கும்.
கடைசியில்
மின்விசிறி, என்று அனுப்பினேன்.
அப்பா கராஜில் வைத்திருந்தது.
அன்றிரவே கழற்றி எண்ணெய் விட்டு
மூன்று வேகத்திலும் ஓடவிட்டுப் பார்த்தார்.
இரண்டாவது வேகத்தில் மட்டும் லேசாக முனகும்.
"மூன்றிலேயே வை" என்றார்,
யாருக்கோ மருந்தளவு சொல்வதுபோல.

தம்பி ஆர்விட் அளவுநாடாவோடு
என் அறைச்சுவரை அளந்துகொண்டிருந்தான்.
ஹாக்கி மட்டைகள் மாட்ட வேண்டுமாம்.
"நான் இன்னும் போகவில்லை, தெரியுமா?"
"தெரியும். வெறுமனே அளக்கிறேன்."
பென்சில் புள்ளிகளை
என் தலையணைக்கு நேர் மேலே வைத்தான்.

ஆகஸ்ட் பத்தொன்பது, வெள்ளி.
மோட்டலில் கழித்துப்போட்ட பெரிய விரிப்பு ஒன்று
அம்மாவின் பையிலிருந்து வந்தது.
இரட்டைக் கட்டிலுக்கானது, நீளம் எண்பதேதான்.
மூலையில் தேய்ப்புப்பெட்டி சுட்ட காப்பி நிறத் தழும்பு.
"நீளம் சரி, அகலம்தான் அதிகம்" என்றாள்.
"அதிகத்தை வெட்டலாம். குறைச்சலை என்ன செய்வது?"

இரவு பதினொன்று வரை தையல் மெஷின்.
தழும்பு வெட்டுத்துண்டோடு போகும்படி
தள்ளி வைத்து அறுத்தாள்.
துண்டில் ஒரு தலையணை உறை,
அதற்கும் மிஞ்சியதில் சலவைப்பை,
அதற்கும் மிஞ்சியதை, தழும்போடு,
கார் கண்ணாடி துடைக்க என்று அப்பா எடுத்துக்கொண்டார்.
ஓரத்தில் மோட்டலின் பெயர் நீல மையில் இருந்தது.
பிரித்துவிடவா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று எனக்கே தெரியவில்லை.
அவளும் கேட்கவில்லை, நூலைக் கடித்தாள்.

நாளைக் காலை ஏழுக்குக் கிளம்புகிறோம்.
பெட்டிகள் ஹாலில்.
மற்ற விரிப்பெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது,
அதனால் இன்றிரவு புதியதையே
என் பழைய கட்டிலில் விரித்திருக்கிறேன்.
இது எழுபத்தைந்து, அது எண்பது.
மிச்சத்தை மெத்தைக்கடியில் செருகினால்
ஒவ்வொரு தடவையும் வெளியே வந்துவிடுகிறது.
விட்டுவிட்டேன்.
கால்மாட்டில் சுருண்டு கிடக்கிறது.
கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கிறேன்,
மோட்டல் சோப்பின் வாசனை இங்குவரை வருகிறது.

கைபேசி ஒளிர்கிறது. பா ஞியா:
தூங்கிவிட்டாயா?
எனக்குத் தூக்கமே வரவில்லை.
உன் மின்விசிறி சத்தம் போடுமா?

இரண்டில் மட்டும், என்று எழுதுகிறேன்.